எண்பது பேர் கூடம், மைக் இல்லாத கச்சேரி: ஆண்டுக்கு ஆறு நடத்த முடியுமா?

மன்னார்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய பள்ளிக்கூடத்துக் கூடம் ஒன்று வாடகையில்லாமல் கிடைக்கிறது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், எண்பது பேர் உட்காரலாம். அதில் ஆண்டுக்கு ஆறு கர்நாடக இசைக் கச்சேரி, மைக்கே வைக்காமல், சந்தா வசூலித்து நடத்த முடியுமா, சின்ன ஊரில் ரசிகர்கள் வருவார்களா என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடைசி வரிசைக்குக் கேட்குமா என்பது ஒன்று, இரண்டாம் வருடமும் சபா உயிரோடு இருக்குமா என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில் பாதிதான் சொல்ல முடியும், மீதி உங்கள் ஊர்க்காரர்களைப் பொறுத்தது. ஆனால் ‘ஊரில் ரசனை இல்லை’ என்று காரணம் சொல்லி மூடப்படும் சின்ன சபாக்களில், ரசனைக்கு முன்னால் கூடமும் தேதியும்தான் கெட்டுப்போயிருக்கும் என்பது என் கணிப்பு. அதனால் கூடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மைக் இல்லாமல் பாடுவது புதுமை இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல், திருச்சி ரசிக ரஞ்சன சபா 1914-இல் ஆரம்பித்தவை. அப்போது ஒலிபெருக்கி ஏது? அந்தக் காலத்துப் பாடகர்கள் உச்சஸ்தாயியில், கணீரென்று பாடித்தான் ஆகவேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது, குரலைச் செலவழிக்காமல் பாடும் முறை பழகியது. இன்றைய பாடகர் பெரும்பாலும் இந்த இரண்டாவது பழக்கத்தில் வளர்ந்தவர் என்பதை மறக்காதீர்கள். பெரிய சபாவில் நன்றாகக் கேட்கும் குரல், மைக்கை எடுத்தால் நாலாவது வரிசையோடு நின்றுவிடலாம்.

இப்போது கணக்கு. ஒரு கூடத்தில் ஓசை எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதற்கு சபைன் சூத்திரம் இருக்கிறது: 0.161-ஐக் கூடத்தின் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சல் பரப்பால் வகுக்க வேண்டும். உங்கள் கூடம் 384 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 352 சதுர மீட்டர். எல்லாம் சிமென்ட் பூச்சு என்றால் அதில் 3 சதவீதம்தான் ஓசையை விழுங்கும், அதாவது 10.6 சதுர மீட்டர். காலிக் கூடத்தில் ஓசை அடங்க 5.8 விநாடி ஆகும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் விழுங்குவார். எண்பது பேர் வந்தால் 36 கூடுகிறது, நேரம் 1.3 விநாடிக்கு இறங்குகிறது. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் முப்பது பேர் மட்டும் வந்தால் 2.6 விநாடி. அந்த நிலையில் மிருதங்கச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், வேகமாகப் பாடும் சங்கதிகள் கூழாகிவிடும், வந்த முப்பது பேரும் அடுத்த முறை வரமாட்டார்கள். கூட்டம் குறைந்ததால் கச்சேரி கெட்டதா, கச்சேரி கெட்டதால் கூட்டம் குறைந்ததா என்று அப்புறம் சண்டை போட்டுப் பயனில்லை.

இதற்கு மருந்து கனமான திரை. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை 40 சதுர மீட்டர் இருந்தால் சுமார் 20 சதுர மீட்டர் உறிஞ்சல் கிடைக்கும். அப்போது முப்பது பேருக்கு 1.4 விநாடி, எண்பது பேருக்கு 0.9 விநாடி. இரண்டுமே நம் சங்கீதத்துக்குத் தாங்கும். பணம் இல்லையென்றால் தடித்த ஜமக்காளங்களை இரட்டையாகப் போட்டுத் தொங்கவிடலாம். மெல்லிய புடவைத் துணி எதையும் விழுங்காது. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள், கீழ்ச்சுருதி ஓசைகள் அப்போதுதான் கொஞ்சமாவது அடங்கும். எங்கே தொங்கவிடுவது என்பதும் முக்கியம்: ரசிகர்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலும் பக்கவாட்டின் பின்பாதியிலும். கலைஞர்களுக்குப் பின்னால் உள்ள சுவர் வெறுமையாகவே இருக்கட்டும், பாட்டை முன்னால் தள்ளிக் கொடுப்பது அந்தச் சுவர்தான். அங்கே நன்கொடையாளர் பெயர் போட்ட ஃப்ளெக்ஸ் கட்டினால் காற்றில் படபடக்கும், அதை வாசலில் கட்டுங்கள்.

இந்த எண்கள் நடுத்தர ஓசைகளுக்கானவை, பத்திருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். ஓட்டுக் கூரையா, மர உத்தரமா, எத்தனை ஜன்னல் என்பதைப் பொறுத்து மாறும். திறந்த ஜன்னல் தன் பரப்பளவு முழுவதையும் விழுங்கும், ஆனால் தெருச் சத்தத்தை உள்ளே விடும். நேரில் சோதிக்க ஒரு பலூன் போதும். கலைஞர் உட்காரும் இடத்தில் உடையுங்கள், கடைசி மூலையில் நின்று கேளுங்கள். ‘டப்’ என்று அடங்கினால் நல்லது. ‘டபாஆஆர்’ என்று இழுத்தால் திரை வேண்டும்.

அடுத்த எதிரி மின்விசிறி. டெல்டாவின் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் எண்பது பேரை உட்காரவைக்க முடியாது. ஆறு மணிக்குக் கச்சேரி என்றால் நாலரையிலிருந்து எல்லா விசிறியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டாம் நம்பருக்கு இறக்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம். சுழற்றிக்கொண்டே போகும் டிம்மர் வகை ரெகுலேட்டர், குறைந்த வேகத்தில் விசிறி மோட்டாரை முனக வைக்கும். அந்த முனகல் 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் (பாடகரின் ஆதார சுருதியை அளப்பது கட்டைக் கணக்கில்தான்) பாடும் ஆண் குரலின் மந்திர பஞ்சமம், அதாவது கீழ்ஸ்தாயி ‘ப’, 98 ஹெர்ட்ஸ். சுருதி சேராத இன்னொரு தம்பூரா கூடவே ஓடுகிற மாதிரிதான் இருக்கும். பாடகர் ஏன் கீழே இறங்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறார் என்று யாருக்கும் புரியாது. கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றினால் இது போய்விடும், செலவும் சில நூறு ரூபாய்தான்.

யாரைக் கூப்பிடுவது என்பதையும் இந்தக் கூடமே முடிவு செய்யட்டும். குரல், வயலின், மிருதங்கம் என்ற மூவர் அமைப்பு இங்கே சரியாகப் பொருந்தும். கடமும் கஞ்சிராவும் கூடச் சேர்ந்தால் தாளவாத்தியம் பாட்டை மூடிவிடும், அதிலும் கனமான மானாமதுரைக் கடத்தின் நாதம் நாலு சுவருக்குள் கொஞ்சம் அதிகம். நாகஸ்வரமும் தவிலும் வேண்டாம். சுருதி தாழ்ந்த, நீண்ட வகையான பாரி நாயனமாக இருந்தாலும் அது கோயில் வெளிப்பிராகாரத்துக்குச் செய்த வாத்தியம். புல்லாங்குழல் நன்றாக எடுபடும். வீணைதான் யோசிக்க வேண்டிய வாத்தியம். இப்போது மேடை வீணைகள் பெரும்பாலும் பிக்கப் (தந்தியின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சிறு கருவி) வைத்து வாசிக்கப்படுகின்றன. பிக்கப் இல்லாத வீணையின் கமகங்கள், அதாவது ஸ்வரங்களின் நுண்ணிய அசைவுகள், ஆறேழு மீட்டருக்கு மேல் முழுசாகப் போய்ச் சேராது. வீணைக் கச்சேரி என்றால் ஐம்பது பேரோடு நிறுத்துங்கள், மிருதங்கம் இல்லாமலோ மிக அடக்கமான கையோடோ வையுங்கள். 1938-இல் மறைந்த வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது இந்த மாதிரிதான். பெரிய பெரிய வித்வான்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்ட இசை அது. க்ஷேத்ரக்ஞர் பதங்களும் ஜாவளிகளும் (இரண்டும் காதல் பாவப் பாடல்கள்) இப்படிப்பட்ட கூடத்தில்தான் துலங்கும். பல்லவியின் கணக்கு வழக்கை விட நிதானமான விளம்ப கால கீர்த்தனைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.

பாடகரிடம் முதல் தொலைபேசியிலேயே கேட்க வேண்டியவை: மைக் இல்லாமல் பாடிப் பழக்கம் உண்டா, என்ன சுருதி, இரண்டேகால் மணி நேரம் சம்மதமா. இரண்டேகால் மணிக்கு மேல் மைக் இல்லாமல் இழுத்தால் குரல் களைத்துவிடும், தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தால் எல்லாருக்கும் நல்லது. சுருதியைக் கேட்டு அன்றே மிருதங்கக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை அளவுதான் ஏற்றி இறக்க முடியும். ஐந்தரைக் கட்டைப் பாடகிக்கு ஒரு கட்டை மிருதங்கத்தோடு வந்து நின்றால் மிருதங்கக்காரரைக் குறை சொல்ல முடியாது, சுருதியைச் சொல்லாதவர்தான் குற்றவாளி.

மிருதங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மைக் இல்லாத கூடத்தில் சமநிலை குலைவது இங்கேதான். வழக்கப்படி மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், வலந்தலை (வலது கை வாசிக்கும் பக்கம்) ரசிகர்களைப் பார்த்திருக்கும். பெரிய சபாவுக்கு அது சரி. இங்கே அவரை ஒன்றரை அடி பின்னால் தள்ளி, வாத்தியத்தைச் சற்றுப் பாடகர் பக்கம் திருப்பி வைத்தால் வலந்தலையின் கூர்மை நேராக முன்வரிசையில் போய் அடிக்காது. வயலின்காரரை முன்னால் இழுத்துவிடுங்கள். மேடை ஓர் அடி உயரம் போதும், அதன்மேல் ஒரே ஒரு ஜமக்காளம். தொப்பியில் (இடது கை வாசிக்கும் பக்கத்தில்) ஒட்டும் ரவைப் பசை விசிறிக் காற்றில் காய்ந்தால் தொப்பியின் நாதம் மேலேறிவிடும். அதனால் மேடைக்கு நேர் மேலே விசிறி வேண்டாம். ரவையை அவரே கொண்டுவருவார் என்றாலும், ஒரு டம்ளர் தண்ணீரும் சிறு தட்டும் கைத்துண்டும் அவர் அருகில் இருக்கட்டும். மழைக்கால ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஏசி அறையிலிருந்து எடுத்துவந்தால் ஏறியிருக்கும். இரண்டிலுமே வாத்தியம் கூடத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து இருந்துவிட்டால் தகராறு பாதி குறையும். பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியையே எதிர்த்தவர். தன் கைக்கும் ரசிகர் காதுக்கும் நடுவில் இன்னொருவர் குமிழைத் திருகுவதை அவர் விரும்பவில்லை. அவர் பக்கம் இருந்த நியாயம் இப்படிப்பட்ட கூடத்தில் உட்கார்ந்தால் காதுக்கே தெரியும்.

சுருதிப் பெட்டி வைப்பதானால் அதைப் பாடகருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். உண்மையான தம்பூரா கிடைத்து, சேர்க்கத் தெரிந்தவரும் கிடைத்தால் அதுவே மேல். மைக் இல்லாத இடத்தில் பெட்டியின் இயந்திரத்தனம் நன்றாகவே தெரிந்துவிடும்.

தேதிக்கு வருகிறேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டும் வரை சென்னை சீசன், யாரும் கிடைக்க மாட்டார்கள். புஷ்ய மாதப் பகுள பஞ்சமியை (தேய்பிறை ஐந்தாம் நாள், பெரும்பாலும் ஜனவரியில்) ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை, அந்த வாரம் உங்கள் ரசிகர்களே அங்கே போய்விடுவார்கள். அக்டோபர் பின்பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் விசிறியைக் குறைக்கவே முடியாது. ஆடி மாதம் பார்ப்பதற்கு வசதியாகத் தோன்றும், கல்யாணம் இல்லை, எல்லாரும் ஊரில் இருப்பார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும், அதோடு போட்டி போட உங்களால் முடியாது, போடவும் கூடாது. மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச் முதல் வாரம், ஜூன், ஜூலை முதல் பாதி, செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. சரியாக ஆறு வருகிறது. இதில் புரட்டாசி தங்கமான மாதம்: முகூர்த்தம் இல்லை, நவராத்திரி மனநிலை இருக்கிறது, மழை இன்னும் பிடிக்கவில்லை. வீணையை அங்கே வையுங்கள். ஆறு தேதியையும் வருட ஆரம்பத்திலேயே ஒரே அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள். ‘அடுத்த கச்சேரி விரைவில்’ என்று சொல்லும் சபாவுக்கு யாரும் சந்தா புதுப்பிப்பதில்லை.

பணம். கீழே உள்ள தொகைகள் ஒரு மாதிரிக் கணக்குதான். அறுபது பேர் வருடத்துக்கு 2,500 ரூபாய் சந்தா கட்டினால் ரூ.1,50,000. மீதி இருபது இடங்களுக்குச் சந்தா இல்லாமல் அந்தந்தக் கச்சேரிக்கு மட்டும் வருகிறவர்கள் தரும் காசைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 1,50,000-ஐ ஆறால் வகுக்காமல் ஏழால் வகுங்கள், கச்சேரிக்கு ரூ.21,400 சொச்சம். ஏழாவது பங்கு கையிருப்பு. பாடகருக்குத் தொண்டை கட்டி ரயில் டிக்கெட்டை ரத்து செய்யும் நாளில் அதுதான் காப்பாற்றும். இந்தத் தொகைக்குள் முன்னணிக் கலைஞர் வரமாட்டார், ஆனால் நன்றாகத் தேறிவரும் இளைஞர் வருவார். அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குக் கொடுக்கும் பி-ஹை, ஏ கிரேடு என்ற தரநிலையை ஒரு முதல் வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம். அது மைக் முன் பாடிய தேர்வு என்பதால் உங்கள் கூடத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை, மைக் இல்லாமல் கைபேசியில் பதிந்த பத்து நிமிட ஆலாபனை ஒன்று கேட்டு வாங்குங்கள். பாடகர் சென்னையிலிருந்து வந்தால் பக்கவாத்தியம் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியிலிருந்து வரட்டும், திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். மன்னை எக்ஸ்பிரஸ் இரவு வண்டி என்பது உங்களுக்குப் பெரிய வசதி. காலையில் வந்து இறங்கி, பகலில் ஓய்வெடுத்து, கச்சேரி முடித்து அன்றிரவே திரும்பலாம், ஓட்டல் செலவு ஒரு பகலோடு முடிந்துவிடும். பக்கத்து ஊர் சபாவோடு பேசி அடுத்தடுத்த நாள் வைத்தால் ரயில் செலவும் பாதி. எங்கே மிச்சம் பிடித்தாலும் பக்கவாத்தியக்காரர் சன்மானத்தில் பிடிக்காதீர்கள். மூன்று பேருக்கும் தனித்தனி உறையில், மேடை இறங்கின கையோடு கொடுத்துவிடுங்கள். உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒரு கச்சேரியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் சந்தோஷம், பொன்னாடையும் பேச்சும் ஐந்து நிமிடம் என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். மைக் இல்லாததால் பேச்சு தானாகவே சுருங்கும் என்பது இந்த ஏற்பாட்டின் எதிர்பாராத லாபம். காபியும் போண்டாவும் ஐந்தரைக்கு, பாட்டு நடக்கும்போது டம்ளர் சத்தம் வேண்டாம்.

எண்பது இடத்துக்கு நூற்றிருபது பேர் வந்தால் என்ன செய்வது? உள்ளே நெருக்கினால் விசிறி வேகம் கூடும், கதவு திறந்தே இருக்கும், குழந்தைகள் வெளியே போய் வருவார்கள், எல்லாம் கெடும். எண்பதோடு கதவைச் சாத்துவதுதான் சரி என்பேன். இதை மறுப்பவர்கள் உண்டு, சின்ன ஊரில் வந்தவரைத் திருப்பி அனுப்பினால் பகை வரும் என்பார்கள். அதுவும் உண்மைதான், உங்கள் ஊர் உங்களுக்குத்தான் தெரியும். இளைஞர்கள் வருவார்களா என்பதும் அப்படித்தான். பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு மேடைக்கு முன்னால் தரையில் இலவச இடம் கொடுத்தால் பெற்றோரும் சேர்ந்து வருவது வழக்கம், அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

சட்டப்படி, ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதியலாம், வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாததால் அதற்கான போலீஸ் அனுமதி தேவையில்லை. செவ்வியல் இசைக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை ரூ.1,50,000 வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கீர்த்தனைகளுக்குப் பதிப்புரிமை இல்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் பாடல்களின் பதிப்புரிமைக் காலம் 2033 முடிவு வரை ஓடுகிறது. பாரதியார் சொற்களுக்குத் தடையில்லை, பின்னால் வந்தவர் போட்ட மெட்டுக்கு இருக்கலாம். கட்டணம் வாங்காத அமெச்சூர் சங்க நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் ஆண்டுச் சந்தா கட்டணமாகக் கொள்ளப்படுமா, சன்மானம் வாங்கும் கலைஞர் பாடினால் அது அமெச்சூர் நிகழ்ச்சிதானா என்பது வாதத்துக்கு உரியது. முதல் அட்டையை அச்சடிக்கும் முன் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.